பொத்தானுக்குக் கீழே

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காசு போட்டு, ஒரே ஒருத்தரைத் தேடித் தரச் சொல்லியிருந்தார்கள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட அந்த ஆளின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியாது.

"ஆணா பெண்ணான்னாவது தெரியுமா, இல்லே அதையும் நாங்களேதான் கண்டுபிடிக்கணுமா?" என்றான் தந்தி.

எதிரே உட்கார்ந்திருந்த மருந்துக்கடை கேஷியர் சிரிக்கவில்லை. "அக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடறோம்," என்றாள்.

அவனுக்குத் தந்தி என்று பெயர் வைத்தது பாஸ். அந்த அம்மாள் துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில், விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவர். 'மாமாவுக்கு, குளத்துக்கு எதிர் வீடு' என்று மட்டும் எழுதியிருந்த கடிதத்தைக்கூட உரிய மாமாவிடம் கொண்டு சேர்த்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. இவன் வாய்க்கும் அப்படி ஒரு கட்டணம் வைத்திருந்தால் அலுவலகத்தின் வாடகை பாக்கி என்றைக்கோ தீர்ந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் பாஸ்.

கேஷியர் சொன்னாள். இணையத்தில் 'கட்டி முடிப்போம்' என்று ஒரு குழு. கடனில் கழுத்துவரை மூழ்கியவர்கள் மட்டும்தான் உறுப்பினர்கள். யாரும் சொந்தப் பேர் சொல்லக் கூடாது. ஊர் கேட்கக் கூடாது. ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுக்கவே கூடாது. மாதாமாதம் தவணை கட்டியதும் ரசீதைப் படம் எடுத்துப் போட வேண்டும், எத்தனாவது தவணை என்று கீழே எழுத வேண்டும், மற்றவர்கள் பாராட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"வெறும் பாராட்டுக்கா இத்தனை பேரு?"

"வீட்டுல யாரும் பாராட்ட மாட்டாங்க சார். கடன் வாங்கினதுக்குத் திட்டுவாங்க. கட்டினதுக்கு யாரு கை தட்டுவாங்க?"

தந்தி தலையாட்டினான். அவனுடைய பைக்குக்கும் இன்னும் பதினொரு தவணை இருந்தது.

"ரசீதில கடன் எண் இருக்குமில்ல? அதை யாராவது தப்பா பயன்படுத்திடக் கூடாதுன்னு ஒரு வழக்கம் வச்சிருக்கோம்." கேஷியர் கைப்பையைத் திறந்து தன்னுடைய ரசீது ஒன்றை மேஜைமேல் விரித்தாள். பிறகு பையின் உள்ளறையிலிருந்து ஒரு நீல மூடியை எடுத்து, எண்ணும் தேதியும் அச்சிட்டிருந்த வரியின் நடுவே வைத்தாள். "இப்படி. வீட்டுல இருக்கிற சின்னப் பொருள் எதையாவது மேல வச்சு மறைச்சிடுவோம். இன்னைக்கு யாரு என்ன வச்சிருக்காங்கன்னு பார்க்கறதே ஒரு தமாஷ். ஒருத்தர் பல்செட்டையே வச்சார்."

"இது என்ன, டானிக் பாட்டில் மூடியா? ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கே."

"எலி இல்லை. என் பையன். பல் முளைக்கிறப்போ கடிச்சது. மத்தவங்க மாசத்துக்கு ஒண்ணு மாத்துவாங்க. நான் மாத்தறதில்லை."

"உனக்கு இன்னும் எத்தனை தவணை?" என்று பாஸ் கேட்டார்.

"ரெண்டு."

"குழுவில உன் பேரு?"

"அதைச் சொல்லக் கூடாதுங்கறது எங்க ரூல் மேடம்." முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது.

குழுவில் பணம் கைமாறும் சமயம் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தருடைய கடைசித் தவணையை மட்டும் எல்லோரும் ஆளுக்கொரு டீக்காசு போட்டுக் கட்டுவார்கள். 'ஊசிநூல்' என்ற பெயரில் இருந்த அக்காவுக்கு மொத்தம் அறுபது தவணை. ஐம்பத்தொன்பதாவது ரசீது வந்த அன்றைக்கு, 'அக்கா, கடைசி எங்களோடது, கடன் எண்ணை அனுப்புங்க' என்று குழுவே கொண்டாடியது. அன்றைக்கு மௌனமான ஊசிநூல் ஐந்து வாரமாகப் பேசவில்லை.

"காசு கேட்டா ஓடறவங்களைப் பார்த்திருக்கேன்," என்றான் தந்தி. "கொடுக்கறோம்னு சொன்னா ஓடற ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன்."

கேஷியர் பாஸைப் பார்த்தாள். "அந்தப் பேர்ல பேசறவங்க உயிரோட, நல்லபடியா இருக்காங்களான்னு மட்டும் முதல்ல பார்த்துச் சொல்லுங்க மேடம். மத்ததெல்லாம் அப்புறம். எனக்கு அஞ்சு வாரமா தூக்கம் இல்லை. அந்தப் பேர்ல பேசறவங்களால எத்தனை பேரு இன்னைக்கு நடமாடறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

படங்கள் அடங்கிய உறையை வைத்துவிட்டு, மூடியைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த அரைமணி நேரம் ஐம்பத்தொன்பது படங்கள் மேஜை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு என்று அலுவலகம் முழுக்கப் பரவிக் கிடந்தன. தந்திக்குக் கொண்டாட்டம்.

"மூணாவது தவணை, எலுமிச்சம்பழம். ஏழாவது, தேஞ்சுபோன ஷேவிங் பிரஷ். பதினெட்டு, டார்ச் பேட்டரி. இருபத்தாறு... இது என்ன பாஸ், குழாயோட வாஷரா? முப்பத்தொண்ணு, கரண்டி. அம்மா வீட்டுல கையில கிடைச்சதையெல்லாம் தூக்கி வச்சிருக்காங்க. நாற்பத்தாறு, கூந்தல் கிளிப். நாற்பத்தேழு, தையல் மிஷின் பாபின். நாற்பத்தெட்டு, விரல்ல மாட்டற தையல் தொப்பி. அம்பது, மூக்குக் கண்ணாடியோட ஒத்தைக் காது. அம்பத்திரண்டு, பொத்தான்..."

"பொருளைப் பார்க்காதே," என்றார் பாஸ்.

"வேற என்ன இருக்கு பார்க்க?"

"ரசீது."

தந்தி பார்த்தான். ரசீது ரசீதாக இருந்தது. பாஸ் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை பதினைந்து படங்களை வரிசையாக அடுக்கி, பென்சில் முனையால் ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனார். ஸ்டேப்ளர் பின் குத்திய இரண்டு பொட்டுகள். அதில் கீழ்ப்பொட்டு கொஞ்சம் கிழிந்திருந்தது. பதினைந்திலும் அதே இடத்தில், அதே கிழிசல்.

தந்தி குனிந்து பார்த்தான். "ஒரே ரசீது!"

"நாற்பத்தஞ்சாவது தவணைக்கு அப்புறம் புது ரசீதே கிடையாது. பதினாலு மாசமா அதே காகிதம். மேலே பொருள் மட்டும் மாறுது. முந்நூறு பேரும் பொத்தானைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க, கிளிப்பைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க. கீழே இருக்கிறதை யாரும் பார்க்கலை."

"அட நாமக்காரி! கட்டாமலே கட்டினேன்னு பேர் வாங்கி, எல்லாருக்கும் புத்தி வேற சொல்லி..."

"நாமம் போடறவ கடைசித் தவணைக் காசை வாங்கிட்டுல்ல ஓடியிருக்கணும்? வாங்காம ஏன் ஓடினா?"

தந்தியிடம் பதில் இல்லை. அவனிடம் பதில் இல்லாத நேரங்களைப் பாஸ் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பதாகச் சொல்வார். உண்மையா என்று அவன் போய்ப் பார்த்ததில்லை.

"இன்னொண்ணும் கவனி. நாற்பத்தஞ்சு வரைக்கும் வீட்டுல இருக்கிற எல்லாரோட பொருளும் வருது. பிரஷ் ஆம்பளையோடது. கரண்டி அடுப்படியோடது. நாற்பத்தாறிலேருந்து பதினாலும் ஒரே ஆளோட பெட்டியிலேருந்து வந்திருக்கு." பாஸ் ஐம்பத்திரண்டாம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தடித்த பித்தளைப் பொத்தான். நடுவில் ஒரு சக்கரம். "இது எங்க இருக்கும்?"

"கொடுங்க. பாஸ்! இது எங்க மாமாவோட சட்டை! சட்டைன்னா... அவரு பஸ் டிரைவரா இருந்தார். டிப்போ யூனிஃபாரத்துல இதே சக்கரம்தான். சின்ன வயசுல ஒண்ணைப் பிச்சு எடுத்ததுக்கு என் முதுகுல சக்கரம் ஓட்டினார்."

"உன் முதுகுக்கு நன்றி," என்றபடி பாஸ் குடையை எடுத்தார்.

டிப்போவின் ஸ்டோர் ரூம் டீசல் நெடியும் புதுத் துணி வாசமும் கலந்து கிடந்தது. ஸ்டோர் கிளார்க் படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பித்தளைப் பொத்தானை நிறுத்தி நாலு வருஷமாச்சு. இப்ப எல்லாம் பிளாஸ்டிக். இஸ்திரி போட்டா உருகுது, கேட்டா மேலிடத்து உத்தரவுங்கறாங்க."

"மிச்சம் இருந்ததெல்லாம்?"

"ஒரு டப்பா இருந்துச்சு. சட்டை பிடிக்கிறது, பெருசாக்கறது எல்லாம் ஒரு அம்மா செய்வாங்க. அவங்கதான், தூக்கிப் போடாதீங்க சார், பொத்தான் உருகிப் போனவங்களுக்கு நான் இதைத் தைச்சுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனாங்க. பொத்தானுக்குக் காசே வாங்க மாட்டாங்க. காலையில ஒரு ஆபீஸைப் பெருக்கிட்டு, மத்தியானம் இங்க வந்து துணி எடுத்துட்டு, வீட்டுல உக்காந்து தைக்கும் அந்தம்மா. ஏம்மா இப்படி ஓடறேன்னு கேட்டா, இன்னும் இத்தனைதான் பாக்கின்னு விரலை எண்ணிக் காட்டும்."

"அவங்க வீடு எங்கே?" தந்தி நோட்டைத் திறந்தான். "நாங்க அவங்களைப் பார்க்கணும்."

கிளார்க் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்படிப் பார்ப்பீங்க? அந்தம்மா போயிப் பதினஞ்சு மாசமாச்சே. நெஞ்சு வலின்னு படுத்தாங்க, மூணு நாளு. எங்க டிரைவருங்க எல்லாரும் போய்ட்டு வந்தாங்க."

தந்தியின் பேனா நோட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. பதினைந்து மாதம். கடைசியாக வந்த பதினாலு படங்களும் இறந்துபோன ஒருத்தி அனுப்பியவை.

"வீட்டுல வேற யாரு?" என்று பாஸ் கேட்ட குரல் மட்டும் மாறவில்லை.

"புருஷன்தான். பெயிண்ட் அடிக்கிறவரு. பிள்ளைகுட்டி இல்லை."

கிளார்க் சொன்ன விலாசத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருந்த ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த பெயிண்டருக்கு அறுபதை நெருங்கும் வயது. விரல் இடுக்குகளில் வெள்ளை காய்ந்திருந்தது. பாஸ் பேச்சை வளர்க்காமல் பொத்தான் படத்தை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. பார்த்தவுடன் தோள் இறங்கிவிட்டது.

"போலீஸா?" என்றார்.

"இல்லை. உங்களைக் காணோமேன்னு கவலைப்படறவங்க அனுப்பிச்சாங்க."

"என்னையா?" என்று அவர் கேட்ட விதத்தில், அப்படி ஒரு விஷயம் உலகத்தில் உண்டா என்ற நிஜமான ஆச்சரியம் இருந்தது.

உள்ளே விட்டார். சுவரோரம் தையல் மிஷின், மேலே மடிப்புக் கலையாத உறை. அதன்மேல் ஒரு அட்டைப்பெட்டி. தந்தி எட்டிப் பார்த்தான். கிளிப், பாபின், தையல் தொப்பி, கண்ணாடிக் காது, பொத்தான். பதினாலும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"அவளோட சாமான் அவ்வளவுதான்," என்றார் பெயிண்டர். "பதினாலு மாசத்துக்கு வந்துச்சு. சேலையை எப்படி ரசீது மேல வைக்கறது?"

பாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

அடுப்பு மேடை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு தம்ளர் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. பாஸ் அதைப் பார்த்ததைத் தந்தி பார்த்தான்.

"ஏன் செஞ்சீங்க?"

அவர் மிஷின் உறைக்கு அடியில் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்தார். கடன் நிறுவனத்தின் கடிதம். கடன்தாரர் இறந்துவிட்டதால், கடனோடு சேர்ந்த இன்ஷூரன்ஸின்படி மீதித் தொகை முழுவதும் கழிக்கப்பட்டு, கணக்கு முடித்துவைக்கப்பட்டது.

"என் கால் உடைஞ்சு ஒரு வருஷம் படுத்திருந்தப்ப அவ பேர்ல வாங்கின கடன்," என்றார். "நாற்பத்தஞ்சு தவணையைக் கையால கட்டினா. மிச்சத்தை உயிரால கட்டிட்டா. நான் ஒரு பைசா கட்டலை. எல்லாம் அவளே."

தந்தி கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"இதைக் குழுவில போட்டிருக்கலாமே," என்றார் பாஸ் மெதுவாக. "முடிஞ்சிடுச்சுன்னு."

"கடன் தீர்ந்துடும்னு அப்பவே தெரியும், கடிதம்தான் பின்னால வந்துச்சு. அவ போயிட்டான்னு போடத்தான் போனேன். அவ படுத்து நாலாம் நாள், அடக்கம் முடிஞ்சு வந்ததும் அவ போனைத் திறந்தேன். இது வந்து கிடந்துச்சு."

போனை நீட்டினார். குழுவில் அல்ல, தனியாக வந்த செய்தி. அனுப்பியவர் பெயர் 'கட்டெறும்பு'. தந்தி பாஸின் தோளுக்கு மேலாகப் படித்தான்.

'அக்கா, மூணு நாளா உங்க பதில் இல்லை. பேப்பரை நல்லாப் படிச்சேன். நான் இல்லேன்னா கடனும் இல்லைன்னு போட்டிருக்கு. பையனை அண்ணன் பார்த்துப்பான். இதுதான் சரின்னு தோணுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.'

கீழே ஒரு படம். கடன் பத்திரத்தின் ஒரு பக்கம். அதன் எண்ணை மறைத்துக்கொண்டு ஒரு நீல மூடி. ஓரமெல்லாம் பால்பற்கள் கடித்த மூடி.

தந்தி வாயைத் திறந்தான். பாஸின் குதிகால் அவன் பெருவிரல்மேல் இறங்கியது.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் பெயிண்டர். "அவ செத்துட்டா, செத்ததால கடன் தீர்ந்துச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? 'பார்த்தியா, அக்காவே வழி காட்டிட்டா'ன்னு போயிடாதா? என் பொண்டாட்டி சாவு இன்னொருத்திக்கு வழி சொன்னதா ஆகக் கூடாது. மேல தள்ளி, அவ என்ன எழுதுவான்னு பார்த்தேன். தினம் அதேதான் எழுதியிருந்தா. நானும் அதையே எழுதினேன்."

பாஸ் திரையை மேலே தள்ளினார். ஊசிநூலின் பழைய செய்திகள் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தொடங்கின. 'சாப்டியா? என்ன சாப்ட?' அப்புறம்தான் மற்ற பேச்சு. நாலாம் நாள் போன பதில் ஒரே வார்த்தை. 'சாப்டியா?' அன்றிலிருந்து நாள் தவறாமல் 'சாப்டியா?' போயிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நாள் தவறாமல் 'ம். சாப்ட்டேன் அக்கா' வந்திருந்தது. ஐந்து வாரத்துக்கு முன் வரை.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?" என்று தந்தி கேட்டான்.

"காசு அனுப்பறோம்னாங்களே தம்பி. பொய் சொன்னேன், சரி. காசு வாங்கினா அது திருட்டு. வேணாம்னா ஏன்னு கேட்பாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம போனை அணைச்சு வச்சுட்டேன். இன்னைக்குத்தான் திறந்து பார்த்தேன். தினம் அந்தப் பொண்ணு எழுதியிருக்கு, எங்க போனீங்கன்னு. கட்டெறும்புக்கு இன்னும் ரெண்டே தவணைதான். அது கட்டி முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. அதை மட்டும் பார்த்துட்டேன்னா, அப்புறம் எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை."

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பாஸ் எழுந்து, மூலையில் கழுவிக் காயவைத்துக் கட்டி வைத்திருந்த பெயிண்ட் பிரஷ்களைப் பார்த்தார். யாருக்கோ கொடுப்பதற்காகக் கட்டிய மாதிரி இருந்தன.

"கட்டெறும்புக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நான் பொறுப்பு," என்றார். "நீங்க இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுலயே இருங்க. நாங்க மறுபடி வருவோம். கட்டாயம் வருவோம்."

தெருவுக்கு வந்ததும் தந்தி வெடித்தான்.

"அந்த மூடி! பாஸ், நம்மகிட்ட வந்த பொண்ணுதான் கட்டெறும்பு! தெரிஞ்சா என்ன ஆகும்? இன்னும் ரெண்டு மாசம் ஏதாவது சொல்லிச் சமாளிப்போம். கிடைக்கலைன்னு சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். வாடகையை நான் பார்த்துக்கறேன். என் பைக்கை வேணா வித்துடலாம், அது பாதிதான் என்னோடது, பரவாயில்லை."

"தந்தி."

"என்ன?"

"அவ நம்மகிட்ட யாரைத் தேடச் சொன்னா? அவ சொன்ன வார்த்தை என்ன?"

"அக்காவை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"அக்கான்னு எல்லாரும் கூப்பிடறதா சொன்னா. தேடச் சொன்னது 'அந்தப் பேர்ல பேசறவங்களை'. ரெண்டு தடவை. கடிதத்து மேல 'மாமாவுக்கு'ன்னு எழுதறவனுக்கும் 'மாமா வீட்டுல இருக்கிறவருக்கு'ன்னு எழுதறவனுக்கும் வித்தியாசம் இருக்கு."

மருந்துக்கடையில் கேஷியர் கல்லாவை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். ஓடி வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இருக்காரா?"

இருக்காங்களா என்று கேட்கவில்லை.

"இருக்கார்," என்றார் பாஸ்.

கடைவாசலில் காலி மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். இரண்டு பேர் மருந்துச் சீட்டோடு விலகிப் போனார்கள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே தெரியும் மேடம். அக்கா ரெண்டு கேள்வி கேட்பாங்க. சாப்டியான்னா 'ம்'னு பொய் சொல்லிடலாம். என்ன சாப்டன்னு கேட்டா மாட்டிக்குவோம். பட்டினி கிடக்கிறவளுக்குச் சட்டுனு ஒரு பதிலும் வராது. அதுக்காகவே கேட்பாங்க. அந்த நாலாவது நாள் ஒரு கேள்விதான் வந்துச்சு. அக்கா போயிட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. ரொம்ப நேரம் போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருத்தர், வீட்டுல சாவு விழுந்திருக்கு, அதையும் தாண்டி எனக்குச் சாப்டியான்னு கேட்கறார். ஆம்பளைன்னு தோணிச்சு, ஏன்னு தெரியலை. அவர் நாளைக்கும் கேட்பார், பதில் வரலைன்னா தவிச்சுப் போயிடுவார்னு, அதுக்காக மறுநாள் எழுந்தேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

"நீ தெரிஞ்ச மாதிரி ஏன் காட்டிக்கலை?" என்றான் தந்தி. அவனையறியாமல் ஒருமை வந்துவிட்டது.

"காட்டிட்டா அவர் நிறுத்திடுவாரே. எனக்காகத்தான் அவர் எழுந்திருக்கிறார்னு எனக்கும் தெரியுமே." கண்ணைத் துடைத்தாள். "அஞ்சு வாரம் முன்னாடி நின்னுபோச்சு. நான் எங்க நின்னேனோ, அதே இடத்துல இப்ப அவர் நிக்கிறார்னு பயந்துட்டேன்."

பாஸ் குடையை விரித்தார். வெயிலே இல்லை. முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் என்று தந்திக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துச் சேராத கடிதங்களையெல்லாம் பார்த்தவர் அழுது அவன் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை.

"வா, போகலாம்," என்றார்.

மாடிப்படிக்குக் கீழே அந்தக் கதவு இரண்டாம் தடவையாகத் திறந்தபோது பெயிண்டர் முதலில் பாஸைப் பார்த்தார், பிறகு தந்தியை, பிறகு பின்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்ணை. அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கடிபட்ட நீல மூடி.

பெயிண்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ... அவ..." என்றார். "அம்மா, அவ வந்து..."

"எனக்குத் தெரியும்ப்பா. அப்பவே தெரியும்." அப்பா என்று அவள் யோசித்துக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை, தானாக வந்துவிட்டது. "நான் நல்லா இருக்கேன். பையன் ஸ்கூலுக்குப் போறான். நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா," என்றார் அவர், உடனே.

"என்ன சாப்ட்டீங்க?"

பெயிண்டரின் வாய் திறந்தது. பார்வை அடுப்பு மேடைக்குப் போய், கவிழ்த்து வைத்த ஒற்றைத் தம்ளரில் நின்று, திரும்பி அவளிடம் வந்தது. பதில் வரவில்லை. பதினைந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் முகம் கோணியது, தோள் குலுங்கியது, பெரிய குரலெடுத்து அழ ஆரம்பித்தார். அவள் உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பாஸ் தந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, நாலு பேருக்குச் சாப்பாடு வாங்கி வர முக்குக் கடைக்கு நடந்தான்.